அக்கா கொண்டுபோய்ச் சொல்லாத சொல்

எங்கள் அக்கா அவர்கள் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அக்கா ஆழ்வார்குறிச்சியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். அத்தான் சின்ன வயதிலேயே தவறிவிட, பேட்டையில் தையல் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தார்கள். யாரிடமும் குறை சொன்னதில்லை.

தூதுவர் என்றால் அரசர் அனுப்பும் ஆள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். கோயிலில் தேவதூதன் என்றால் நற்செய்தி கொண்டு வருகிறவர். எங்கள் வீட்டில் தூது என்றால் அக்காதான். வெளியூரிலிருந்து நான் வந்து சேருமுன்பே அண்ணன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டார். அதிலிருந்து ஒன்பது வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. எதுவானாலும் அக்காவிடம்தான் சொல்லிவிடுவோம்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாம் சொன்னதை நம் முகத்துக்கு நேரே, நம் குரலிலேயே திருப்பிச் சொல்வார்கள். "சரியால? இப்படியே சொல்லிரட்டா?" என்பார்கள். கேட்கவே கூசும். "கடைசில சொன்னத விட்டுரு" என்பேன். பாதிக் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒருமுறை மட்டும் நான் இறங்கி வரவில்லை. "'ஒன் வீட்ல சாவு விழுந்தாலும் வர மாட்டேன்'னு அண்ணன்ட்ட சொல்லிரு" என்றேன். அக்கா திருப்பிச் சொன்னார்கள்.

"இதுல எதையும் விடணுமால?"

"ஒண்ணும் விட வேண்டாம்."

அக்கா பஸ் ஏறினார்கள்.

அடுத்த மாதமே நோயில் விழுந்தார்கள். அண்ணன் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அங்கேயே கண்மூடினார்கள். அடக்கத்தன்று நான் அண்ணன் வீட்டுத் தெருமுனையோடு நின்றுவிட்டேன். என் வார்த்தை எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் போயிருக்குமே!

அண்ணனே தேடி வந்தார். "என்னல, இங்கன நிக்க? ஒனக்காகத்தான் பெட்டிய மூடாம வச்சிருக்கேன். வால."

நடக்கும்போது கேட்டார். "ஒங்கிட்டருந்து என்னமோ கொண்டாந்தா. என்னக்கான்னு கேட்டா, 'சின்னவன் இன்னும் சொல்லி முடிக்கல, முடிச்சதும் சொல்லுதேன்'னுட்டா. கடைசி வரைக்கும் சொல்லல. என்னல அது?"

"ஒண்ணுமில்லண்ணே. தப்பாச் சொல்லிட்டேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அன்று அண்ணன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அக்காவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மதினி, வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸம்மா, ஜெபித்த சபை ஐயர், தூக்கிச் சுமந்த தெருக்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கு மட்டும் இதில் நன்றி எழுதவில்லை. அதை நேரிலேயே சொல்லிவிட்டேன்.