எசனில் மூன்று கனகலிங்கம்

பிறர் குலப்பெருமையைக் கிழித்துப் போடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருத்திக்குக் குலம் எதற்கு? தக்சாயினியை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியில் வந்து முட்டாமல் போனதில்லை.

ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்து வளர்ந்தவள். பழைய பிராங்க் இராச்சியத்தின் சாசனங்களைப் படித்து, அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். சார்லமேன் சக்கரவர்த்தி காலத்துப் பிரபு ஒருவன் தங்கள் மூதாதை என்று நம்பும் பல்வைத்தியர்களும் மதுக்கடைக்காரர்களும் அவளைத் தேடி வருவார்கள். அந்தப் பிரபுவின் மாடு மேய்த்தவன் வழியில் வந்ததாக நம்பி ஒருவரும் வந்ததில்லை. "மாடு மேய்ச்சவைக்குப் பிள்ளையளே பிறக்கேல்லைப் போல" என்பாள்.

அவள் விரும்பிய மார்ட்டின் 'ஃபொன் எல்மரோட்' குடும்பத்தவன். கோட்டையும் இல்லை, காணியும் இல்லை. பிரபுக்களுக்குரிய அந்த 'ஃபொன்' மட்டும் மிச்சம். அவனுடைய தகப்பன், ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர், வம்சாவளிப் படம் ஒன்றை வரைந்து ஒன்பதாம் நூற்றாண்டின் ஆடல்பெர்ட் பிரபு வரை ஏறியிருந்தார். கலியாண அழைப்பிதழில் அதை அச்சிட வேண்டும். அடியில் 'சரிபார்த்தேன்' என்று மருமகள் ஒப்பமிட வேண்டும்.

தாய் குணேஸ்வரிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "மாப்பிள்ளை பகுதி என்ன ஆக்கள்?" என்று டொரோண்டோவிலிருந்து சுற்றிவளைத்துக் கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் "பிரபு வம்சம்" என்று சொல்லி முடித்திருந்தாள். ஈழப்போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்ததாகச் சொல்லும் சனம், சாதிக்கு மட்டும் விமானத்தில் இருக்கை பிடித்துக் கூட்டி வந்திருந்தது.

தக்சாயினி மூலங்களைத் தேடிப் படித்தாள். ஆடல்பெர்ட்டுகள் இருவர். ஒருவன் ஒரு மடத்துக்குத் திராட்சைத் தோட்டம் கொடுத்தவன். மற்றவன் ஒரு தலைமுறைக்கும் மேல் கழித்து, வேறோர் ஆற்றங்கரையில் ஒரு சாசனத்துக்குச் சாட்சி நின்றவன். குடும்பப் பெயரே இல்லாத காலம். பெயர் ஒன்று என்பதற்காக, மார்ட்டினின் தகப்பனான கிழவர் அந்த இருவரையும் பாட்டனும் பேரனுமாக்கிக் கோடு இழுத்திருந்தார்.

"பேரனுக்குப் பாட்டன்ர பேர் வைக்கிறது வழமைதானே?" என்றாள் குணேஸ்வரி.

"அம்மா, அப்பா இஞ்ச வந்து இறங்கினவுடனை, அகதிப் பதிவுக் கந்தோரில கனகலிங்கம் எண்ட அவற்ற சொந்தப் பேரையே குடும்பப் பேர் எண்டு பதிஞ்சு போட்டாங்கள். அதே மாதிரி இன்னும் ரெண்டு கனகலிங்கம் குடும்பம் இந்த ஊரில இருக்கு. அவையின்ர கடிதமெல்லாம் எங்கட பெட்டிக்கை விழுது. அவை எங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை. ஆரோ எவரோ."

"ஆயிரம் வருசம் கழிச்சு இந்தக் கிழவர் மாதிரி ஒருத்தர் வந்தால், மூண்டையும் ஒரே வம்சமாக்கிப் போடுவார்."

"ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை, போட்டால் கை தேஞ்சு போடுமோ? நான் சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"ஏலாது."

இருவருக்கும் உறவென்று எந்தச் சான்றும் இல்லை என்று கிழவருக்கு எழுதி அனுப்பினாள். அழைப்பிதழ் படமில்லாமல் வந்தது. கிழவர் பேச்சை நிறுத்தினார். குணேஸ்வரி டொரோண்டோ அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினாள். மார்ட்டினுக்கு இதெல்லாம் சிரிப்பு. வேண்டுமானால் தானே கனகலிங்கமாகிவிடுவதாகச் சொன்னான்.

பதிவுத் திருமணத்தன்று, அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று பதிவாளர் விளக்கினார். பொதுப் பெயர் வேண்டுமானால் எது என்று கேட்டார்.

"ஃபொன் எல்மரோட்" என்றாள் தக்சாயினி.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குணேஸ்வரி கைப்பையில் தொலைபேசியைத் துழாவினாள்.

ஏன் என்று வாசற்படியில் மார்ட்டின் கேட்டான். பசிக்கிறது என்றாள்.