கன்றுக்குட்டி எங்கிருந்து வந்தது

பற்பசை வாசனை எல்லோருக்கும் பல்லைத்தான் நினைவூட்டும், எனக்கு ஒரு படத்தை நினைவூட்டும். கீறல் விழுந்த சி.டி.யில் பட்டாணி அளவு பற்பசையை வைத்து, அப்பச்சியின், அதாவது எங்கள் அப்பாவின், பழைய வேட்டிக் கிழிசலால் நடுவிலிருந்து விளிம்புவரை நேராக இழுத்துத் துடைத்து, வாயால் ஊதி ஈரம் போக்கிப் பெட்டிக்குள் தள்ளினால், ஒரு முனகலுக்குப் பிறகு படம் ஓடும். வட்டமாகத் தேய்த்தால் 'தட்டு' செத்துப்போகும் என்று எதிர்வீட்டு அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வேலையை நான் யாரையும் தொடவிட மாட்டேன், என் தம்பி சோமுவைக்கூட.

திருமயத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த சி.டி. சிங்கப்பூரிலிருந்து வந்தது. எங்களைப் பெற்ற ஆத்தாவின் தம்பி, எங்கள் அம்மான், கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பண்ணை, அதில் பேசுகிற மிருகங்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க படம். பேசினதெல்லாம் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் அந்த இங்கிலீஷ் ஒருவருக்கும் புரியவில்லை. அப்பச்சி இரண்டு நாள் புரிந்த மாதிரி தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் பத்து வயது, சோமுவுக்கு ஆறு. எங்களுக்கும் ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் அதைவிட வசதி வேறு எதுவும் இல்லை. மிருகங்கள் என்ன பேசுகின்றன என்பதையும், அந்தப் பண்ணைக்கு வருவதற்கு முன்னால் அவை என்னவாக இருந்தன என்பதையும் நாங்களே வைத்துக்கொண்டோம்.

வாத்துக்கு நான் வைத்த கதை, அது முன்னே புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தது, அதனால்தான் எதைச் சொன்னாலும் கத்திச் சொல்கிறது, படியில் நிற்பவர்களைக் கண்டால் ஆகாது. சிரித்துக்கொண்டே இருக்கும் பன்றி ஒரு கல்யாணப் பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்து பிடிபட்டு ஊரைவிட்டு வந்தது. சுவரைப் பார்த்தே நிற்கும் கறுப்புக் குதிரைதான் சோமுவுக்கு உயிர். அது ஒரு அய்யனார் கோயில் வரிசையில் நின்ற மண்குதிரை, ஒரு மழைக்கு உயிர் வந்து ஊர் சுற்றப் போய்விட்டது, திரும்பி வந்து பார்த்தால் அதன் இடத்தில் புதுக் குதிரை ஒன்றைச் செய்து வைத்துப் படையலும் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் சோமு, "அப்ப அதுக்கு யாரு ஆச்சி சோறு வப்பாக?" என்று கேட்பான். எங்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

கன்றுக்குட்டிக்கு மட்டும் கதை வைக்காமலே இருந்தேன். படத்தின் முதல் காட்சியிலேயே ஒரு லாரியிலிருந்து அதை இறக்குவார்கள், நெற்றியில் வெள்ளைச் சுழி, கால் நடுங்கும். எங்கிருந்து வந்தது, யாருடைய கன்று என்று படம் காட்டவே காட்டாது. "அதுக்கு அப்புறம் சொல்றேன்" என்று சோமுவிடம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதற்குள் எங்கள் வீட்டில் வேறு பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். எங்களவரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கு ஒரு 'புள்ளி'. ஆண்பிள்ளை இல்லாமல் போனால் அந்தப் புள்ளி அத்தோடு முடிந்தது. முடியவிடக்கூடாது என்பதற்காக, பங்காளி வீட்டில் இரண்டு பையன்கள் இருந்தால் ஒருவனைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். 'பிள்ளை கூட்டுவது' என்று பெயர். கல்யாணத்துக்கு வருகிற மாதிரியே அதற்கும் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். இரண்டு வீதி தள்ளி இருந்த பெரியப்பச்சிக்கும் பெரியாத்தாவுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவன் இருந்தான், ஆகவே சோமுவைக் கேட்டார்கள். பங்காளி கேட்டு இல்லை என்று சொல்லும் தைரியம் அப்பச்சிக்குக் கிடையாது. ஆத்தாவுக்கு இருந்திருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வீதி தள்ளித்தானே இருக்கப் போறான், பாக்காத தூரமா?" என்று ஆத்தா எனக்குச் சொன்னாள். அழுகிற குரலில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பருப்புப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

நாள் குறித்து, மாலை வந்து, ஊர் கூடி இலை போட்டார்கள். பட்டுத் துண்டு கட்டின சோமு இங்கிட்டிருந்து எழுந்து அங்கிட்டு, பெரியப்பச்சி மடியில் போய் உட்கார்ந்தான். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவனுக்கு ஒரே குஷி. பாயசம் ஊற்றும்போது என்னைத் தேடி ஓடிவந்து, "ஆச்சி, நம்ம எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்றான். நான் பக்கத்தில் நின்ற ஆத்தாவைப் பார்த்தேன். ஆத்தா அவனுடைய துண்டைச் சரிசெய்தாள். அடுத்த வாரம் வீதியில் எதிர்ப்பட்டவன் "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தபோது, வேறு யாரும் இல்லை, அவளேதான் திருத்தினாள்: "சின்னாத்தான்னு கூப்புடணும் சோமு. ஆத்தா ஒங்க வீட்டுல இருக்காக." பெற்றவள் சின்னாத்தா ஆகிவிட்டாள், அப்பச்சி சித்தப்பா ஆகிவிட்டார். பங்காளி வீட்டு மூத்த பெண்ணும் ஆச்சிதான் என்பதால் என்னை மட்டும் அவன் பழையபடி கூப்பிடலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு ஆட்டம் போட்டேன் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சனிக்கிழமைதோறும் சி.டி.யை எடுத்துக்கொண்டு பெரியாத்தா வீட்டுக்குப் போவேன். அங்கே டி.வி. பெரியது, தட்டில் முறுக்கு வரும், மின்விசிறி சத்தம் போடாது. பெரியாத்தா ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டு எங்களோடு உட்காரப் பார்ப்பார், நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அப்படித் தாழ்த்தின குரலில்தான் கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னேன். இந்தப் பண்ணை அதற்குச் சொந்தமில்லை. அது பிறந்த வீட்டில் அதன் ஆத்தா தன் பக்கத்து முளையில் வேறு எந்தக் கன்றையும் கட்டவிடாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. பண்ணைக்காரர் கேட்டதால் கொடுத்தார்களே தவிர, யாருக்கும் மனசில்லை. மூன்று நாள் புல் தின்னாமல், பால் குடிக்காமல் இருந்தால் போதும், இது நமக்குச் சரிப்படாது என்று பண்ணைக்காரரே லாரி பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

சின்னப்பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று பிற்பாடு எல்லாரும் எனக்காகப் பேசினார்கள். தெரிந்துதான் சொன்னேன். 'மூன்று நாள்' என்பதை அவன் கண்ணைப் பார்த்து இரண்டு தடவை சொன்னேன். அவனும் புரிந்துகொண்டு கன்றுக்குட்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டைத் தள்ளினான். செல்லம் என்று விட்டார்கள். செவ்வாய்க்கிழமை பல்லை இறுக்கிக்கொண்டான். புதன்கிழமை மத்தியானம் முற்றத்தில் விழுந்தவனைக் காரில் புதுக்கோட்டைக்குக் கொண்டு ஓடினார்கள், இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. எங்கள் வீட்டிலிருந்து அப்பச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் கொல்லையில் உட்கார்ந்து, செத்துப்போய்விடுவானோ என்று பயந்துகொண்டும், இனி அனுப்பிவிடுவார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு வயிற்றுக்குள் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் வீடு திரும்பின மறுநாள் பெரியாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகம் வற்றிப்போயிருந்தது.

"கன்னுக்குட்டி மூணு நாள் திங்காம இருந்தா அனுப்பிருவாகன்னு ஆச்சி சொன்னுச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்றான். நான் ஒன்னையக் கோவிக்கல. பால் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு மூணு நாளாக் கெஞ்சுனேன், நானும் மனுஷிதானே. இப்ப குதிரை கதை சொன்னாத்தான் வாயத் தெறப்பேங்கிறான். எனக்கு அது தெரியல. சொல்லிக்குடு."

எனக்குள் ஒரு கொழுப்பு வந்தது. "எனக்கு மறந்துபோச்சு" என்றேன். என் முதுகில் அடி விழுந்தது. ஆத்தா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் குடுத்துட்டேன். குடுத்தத நீ புடுங்காத. எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். வாத்து, பன்றி, கோழி, குதிரை என்று ஒவ்வொன்றாக, அழுதுகொண்டே சொன்னேன். பெரியாத்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் கேட்கிற மாதிரி உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார். "படையல புதுக் குதிரைக்கா போட்டாக?" என்று சந்தேகம்கூடக் கேட்டார். அவனுடைய சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தனுப்பின அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. கடைசியில் ஆத்தா உள்ளே போய் சி.டி.யை எடுத்துவந்து பெரியாத்தா கையில் வைத்து, "இனிமே இவ அங்கிட்டு வரமாட்டா" என்றாள். கன்றுக்குட்டியின் கதையைப் பெரியாத்தா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவன் படிப்புக்காக அவர்கள் மெட்ராஸுக்குக் குடிபோனார்கள். விசேஷங்களில் பார்ப்போம். முதல் இரண்டு தடவை என் பக்கத்தில் வந்து நின்றான், மூன்றாம் தடவை வளர்ந்திருந்தான். ஆத்தாவை "வாங்க சின்னாத்தா" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அவளும் "நல்லா இருக்கியாப்பா?" என்பாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்லை.

போன தை மாதம் ஆத்தா செத்துப்போனாள். கொள்ளியை அண்ணன் வைத்தான், சோமு பங்காளிகளோடு வரிசையில் நின்றான். பெங்களூரில் பெரிய வேலை, பெண்டாட்டி, ஏழு வயதில் ஒரு பெண். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மத்தியானம், வந்தவர்கள் கிளம்பிப் போன வீட்டில், அந்தக் குழந்தை செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலும் மிருகங்கள் பேசின, நல்ல தமிழில். ஒரு குதிரை வந்ததும் சோமு குனிந்து மகளிடம், "இது யாரு தெரியுமா? அய்யனார் கோயில்ல நின்ன மண்குதிர" என்று ஆரம்பித்தான். மழை, ஊர் சுற்றல், புதுக் குதிரை, படையல் என்று ஒரு சொல் மாறாமல் சொன்னான். நான் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் என் தம்பி என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருப்பா சொன்னா ஒங்களுக்கு?" என்று குழந்தை கேட்டது.

"எங்க ஆத்தா. எனக்கு ஒடம்பு சரியில்லாதப்பல்லாம் சொல்லும்" என்று மூலையைக் காட்டினான் சோமு.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியாத்தா என்னைப் பார்த்தார். வயதாகிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. நான் சோமுவிடம், "நம்ம சி.டி.ல கன்னுக்குட்டி ஒண்ணு வருமே, அதுக்கு என்ன கதை?" என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்தான். "கன்னுக்குட்டியா? அப்புடி எதுவும் இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே ஆச்சி."

இன்றைக்கு எங்கள் வீதியில் பத்து வீட்டில் எட்டு பூட்டிக் கிடக்கிறது, சி.டி. போடுகிற பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. அதற்காகவெல்லாம் நான் வருத்தப்படுகிற ஆள் இல்லை, போகட்டும். கன்றுக்குட்டி ஞாபகம் இருக்கிறதா என்று ஆத்தா உயிரோடு இருந்தபோதே அவனைக் கேட்டிருக்கலாம், கேட்கத் துணியவில்லை, அதுதான் ஆறவில்லை. அன்றைக்குக் குழந்தை என் பக்கம் திரும்பி, "அத்தை, அப்பத்தா ஒங்களுக்கும் இந்தக் கதை சொல்வாங்களா?" என்று கேட்டது.

"சொல்லுவாக" என்றேன். "நானும் ஒங்க அப்பாவும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து கேப்போம்."