டானிக் மருந்தில் சேருமா?

எங்கள் மருத்துவமனையில் சாயிரா பானுவின் வேலை தொலைபேசியில் பேசுவது. வயிற்றுக்குள் குழாய் விட்டு ஸ்கோப் பார்க்க வரும் நோயாளிகளை ஒரு வாரம் முன்பே அழைத்து, எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது, எந்த மருந்தை நிறுத்தவேண்டும் என்று சொல்வார். தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் அவர் பங்கு. பக்கத்து நாற்காலி என்னுடையது. பொங்கோலில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் தூங்கி வழிந்துகொண்டு வந்து சேர்வதற்குள் பானுக்கா நான்கு பேரிடம் பேசி முடித்திருப்பார். எரிச்சலாக இருக்கும்.

வயது ஐம்பத்தெட்டு. இங்கே வருவதற்கு முன் பதினாறு வருடம் லிட்டில் இந்தியாவில், அண்ணன் சாகுல் ஹமீதின் நாட்டு மருந்துக் கடையில் நின்றவர். அந்தக் கதையை ஆரம்பித்தால் எனக்கு வேலை ஓடாது. சிலர் டானிக் என்று கேட்பார்களாம், சிலர் சத்து மருந்து. கட்டட வேலைக்காரர்கள் "தெம்புக்கு ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு லேகியம். மலாய்க்கார வாடிக்கையாளர் வந்தால் ஜாமு, அவர்களுடைய மூலிகைக் கஷாயம். பரீட்சை வந்தால் மூளைக்கு ஒன்று, கூட வேலை செய்யும் சீனர் சொன்னார் என்று கோழி எசன்ஸ் ஒன்று. புது மாப்பிள்ளைகள் மட்டும் எதையும் கேட்காமல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியதும் டானிக்தான்.

"இத்தன பேரு வச்சிருக்கோம், ஒருத்தராச்சும் அத மருந்துன்னு சொல்லி நான் கேட்டதில்ல" என்பார் அக்கா. மருந்து என்றால் டாக்டர் எழுதித் தரவேண்டும், வியாதி என்று ஒன்று இருக்கவேண்டும். டானிக் சாப்பாட்டோடு சேர்த்தி.

இவ்வளவு தெரிந்தவர்தான் வடிவேலு விஷயத்தில் கோட்டை விட்டார்.

வடிவேலு சுவா சூ காங்கில் இருப்பவர். பஸ் ஓட்டுநர், வயது அறுபத்தொன்று. மூன்று வாரமாக மலம் கறுப்பாகப் போகிறது என்று டாக்டரிடம் வந்திருந்தார். வயிற்றில் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும். அவருடைய அண்ணன் வயிற்றுப் புற்றுநோயில் போனவர், அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். டாக்டர் ஸ்கோப்புக்கு நாள் குறித்திருந்தார்.

அன்று அக்காவுக்கு முப்பது அழைப்புகள். சத்து மாத்திரை, டானிக் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படிவத்தில் போட்டிருந்த ஒரே சொல்லை அப்படியே வாசித்தார். "மருந்துகள், குறைநிரப்பிகள் ஏதாச்சும் எடுக்கிறீங்களாண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. தலவலி மாத்திரகூட தொட மாட்டேன்."

அக்கா 'இல்லை' என்று குறித்துவிட்டார். போனை வைக்கப் போகும் நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "என்னங்க, டானிக் ஊத்தி வச்சது அப்படியே இருக்கு!"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அண்ணே, வச்சிராதீங்க. அது என்ன டானிக்?"

"அது மருந்து இல்லம்மா, சும்மா தெம்புக்கு. கண்மணி வாங்கி வச்சா, என் வைஃப்."

"பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து வாசித்தார். "அயர்ன்னு போட்டிருக்கு லா. ஒரு மாசமா குடிக்கிறேன்."

இரும்புச்சத்து உள்ளே போனால் மலம் கறுக்கும். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று நான் கையைக் காலை ஆட்டினேன். டாக்டரைக் கேட்காமல் அவர் சொல்லவில்லை. நேரே எழுந்துபோய் டாக்டரைப் பிடித்தார். டானிக்கை உடனே நிறுத்தட்டும், அதுவே காரணமாக இருக்கலாம், ஆனாலும் ஸ்கோப் பார்க்காமல் விட முடியாது என்றார் டாக்டர். அக்கா திரும்ப அழைத்து அதை மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் என் உயிரை வாங்கினார். "அந்தப் பொம்பள குரல் கேக்கலன்னா? நான் 'இல்ல'ன்னு குறிச்சிட்டேன் நிரஞ்சனா, பதினாறு வருஷம் அதையே வித்தவ!" கொண்டுவந்த சாப்பாடு பாதி அப்படியே திரும்பிப் போனது. அதான் சரி பண்ணிவிட்டீர்களே என்று நான் சள்ளென்று விழுந்தேன். ஸ்கோப்பில் என்ன வருமோ என்று அவருக்குப் பயம்; எனக்கும்தான்.

ஸ்கோப் முடிந்த அன்று வடிவேலு மனைவியோடு எங்கள் கவுண்ட்டரைத் தேடி வந்தார். வயிறு சுத்தமாக இருக்கிறதாம். டானிக்கை நிறுத்திய நான்காம் நாளே மலத்தின் நிறமும் பழையபடி ஆகிவிட்டதாம். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்கம்மா" என்று இரண்டு தரம் சொன்னார். அக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்மணி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா செக்கப்புன்னு சொல்லித்தான் என்னக் கூட்டிட்டு வந்தாரு. அவங்க அண்ணன நெனச்சுப் பயந்தது எல்லாத்தையும் இப்பத்தான் சொல்றாரு. மூணு வாரமா என் போன வச்சுக்கிட்டு என்னப் படுத்தி எடுத்தாரு மேடம். கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் இப்படி எடு, டாக்சி இப்படிக் கூப்பிடு, பாஸ்வேர்ட எழுதி வச்சுக்கன்னு. நான் பொழுது போகாம செய்றாருன்னு நெனச்சேன்."

கண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த போனை எடுத்து வடிவேலு கையில் திணித்தார்.

"எனக்கு அதுல ஒண்ணும் மண்டையில ஏறல. வீட்டுக்குப் போக டாக்சிய நீங்களே கூப்பிடுங்க."