எல்ஸ்பெத்தின் முதுகில் ஏறிய கடற்படை

மீனவ ஊரான போர்ட்நாக்கியில் எந்த ஆணும் ஈரக் காலோடு கடலுக்குப் போனதில்லை. பெண்கள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனை முதுகில் ஏற்றிப் படகுவரை நடந்து இறக்கிவிடுவார்கள். புருஷனோடு அவன் கப்பல் ஆட்களையும் சேர்த்து எல்ஸ்பெத் ஃப்ளெட் சுமந்த எட்டுப் பேருக்கும் ஆயுளில் சளியே பிடித்ததில்லை. அவள் சுமக்க மறுத்த பாதிரியார் மட்டும் பிரசங்கம் முழுக்கத் தும்மினார்.

1915இல் அவர்களுடைய மீன்பிடிக் கப்பல் 'ஹெதர் பெல்'லைப் போருக்காகக் கடற்படை எடுத்துக்கொண்டது. மூக்கில் ஒரு பீரங்கி, நீர்மூழ்கியைச் சிக்கவைக்க இரும்பு வலை. ஆட்கள் மட்டும் பழைய ஆட்கள். குறித்த நாளில் நடுப்பகலுக்குள் புறப்படாவிட்டால் அவர்களைப் பிரித்து வேறு வேறு கப்பல்களில் போட்டுவிடுவார்களாம். எல்ஸ்பெத்தின் புருஷன் வில்லியும் இரண்டு தம்பிகளும் அதில்தான் இருந்தார்கள்.

புது அதிகாரி பெம்பர்டனுக்கு மீசை இன்னும் முளைத்து முடியவில்லை. பூட்ஸில் முகம் பார்க்கலாம்.

"பொம்பளை முதுகுல கடற்படை ஏறாது!" என்று சொல்லிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, கப்பலுக்குக் கொண்டுபோகும் துடுப்புப் படகில் ஏறினார்.

ஒருவனும் துடுப்பைத் தொடவில்லை.

"என்ன, கை மரத்துப்போச்சா?"

"ஈரக் கால் ஒண்ணு படகுல இருக்குங்க ஐயா," என்றான் வில்லி. "விளங்காது."

"இது உத்தரவு!"

"உத்தரவு உங்களுது. உசுரு எங்களுது."

மணி பதினொன்றரை. எல்ஸ்பெத் கடலில் இறங்கினாள். மீன்கூடையைத் தூக்குவதுபோல் அதிகாரியை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பினாள்.

"இறக்கி விடு! நான் ராஜாவோட அதிகாரி!"

"ராஜாவே வந்தாலும் இதே முதுகுதான். உதைக்காதீங்க தம்பி, மீனே இதைவிட ஒழுங்கா வரும்."

பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு நண்டும் விழுந்தன. நண்டுகள் சல்யூட் அடித்துவிட்டுப் போனதாகக் கேள்வி. பாவாடை நுனியால் கால்களைத் துடைத்து, கரையில் வைத்திருந்த வில்லியின் மாற்றுக் கம்பளிக் காலுறையையும் உலர்ந்த பூட்ஸையும் மாட்டி, மறுபடி முதுகில் ஏற்றினாள். கரையே கைதட்டியது. துடுப்புகள் தாமாகவே எழுந்தன. பன்னிரண்டு அடிக்கக் கால்மணி இருக்கையில் 'ஹெதர் பெல்' நங்கூரம் தூக்கியது; ஆள் ஒருவரும் குறையவில்லை.

அடுத்த மாதம் கப்பலைச் சோதிக்கப் பீப்பாய் உடம்போடு ஒரு பெரிய அதிகாரி வந்தார். பெம்பர்டன் எல்ஸ்பெத்தின் முதுகிலிருந்தே சல்யூட் அடித்தார்.

"அடுத்த நடை நீங்க ஏறணும் சார். இல்லேன்னா கப்பல் நகராது."

எல்ஸ்பெத் பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரை ரெண்டு தவணையாத்தான் கொண்டுபோகணும், தம்பி."