என் காற்புண்ணும் பிள்ளை பெற்றவளின் பத்தியக் கறியும்

ஆண்டவரின் இரக்கத்தில் நம்பிக்கை வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே,

இதை எழுத எனக்கு விருப்பம் இருக்கவில்லை. நான் அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கிப் படித்தவன். அழுத்திய சட்டை இல்லாமல் வீதியில் இறங்காதவன். அப்படிப்பட்ட ஒருவன் தன் காலிலிருந்து வடிந்த சீழைப் பற்றி ஊரறிய எழுதுவது அழகல்ல. ஆயினும் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை அந்தச் சீழின் வழியாகவே வந்தது. ஒன்றை மறைத்தால் மற்றதையும் மறைத்தவனாவேன்.

கடந்த ஆண்டு, கிறிஸ்மஸ் முடிந்து வரும் மூன்று இராசாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள், கிணற்றடியில் கிடந்த பழைய தகரம் ஒன்றின் விளிம்பு என் இடது கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. சிறிய கீறல். வைத்தியசாலையில் ஊசி போட்டார்கள், மருந்து கட்டினார்கள். பத்து நாளில் ஆறியிருக்க வேண்டும். தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தபோது அது பாதித் தேசிக்காய் அளவுக்குக் குழிந்திருந்தது. ஓரங்கள் சாம்பல் நிறம். நடுவில் மஞ்சளாக ஒரு வழுவழுப்பு. துணியை உரித்தால் அதனுடன் சதையும் வந்தது. என் உடலை நானே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்து கட்டினேன்.

தபசுகாலத்து முதல் ஞாயிறு. பூசையின் நடுவே எனக்கு அழுகல் மணம் ஒன்று அடித்தது. லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இரண்டு வாங்கு பின்னால் மக்டலின் இருந்தாள். கரையில் கருவாடு காயப்போட்டு வாழ்கிற கைம்பெண். காரணம் அவள்தான் என்று தீர்மானித்தேன். பூசை முடிந்ததும், பலர் பார்க்க, கோவில் வாசலில் அவளை மறித்தேன்.

"கருவாட்டு வேலை செய்தால் உடுப்பை மாத்திப்போட்டு வரவேணும். இது கோவில்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் தோய்ஞ்சுபோட்டுத்தான் வந்தனான், ஐயா. மணம் உங்கட காலிலயிருந்து வருது. பூசை தொடங்கேக்கையே சொல்லுவம் எண்டு நினைச்சனான். நீங்கள் கோவிப்பியள் எண்டு விட்டிட்டன்."

பக்கத்தில் நின்ற ஒருவர் இருமினார். நான் வீடு வந்தேன். கதவைச் சாத்தித் துணியை அவிழ்த்து, குனிந்து முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அந்த நாற்றம் என்னுடையது.

இங்கே என் ஒருசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபசுகாலத்து நாற்பது நாளும் நான் பகலில் ஒரே ஒரு வேளை மட்டும் உண்பேன். மச்சமில்லை, மாமிசமில்லை, முட்டையில்லை, பாலுமில்லை. மனைவி இறந்த பிறகு மற்றைய மாதங்களிலும் புதன், வெள்ளிகளில் அப்படியே. எஞ்சிய நாட்களில் பாணும் பால் விடாத பிளேன்ரீயும். எங்கள் பங்கில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி வார்க்கும்போது, நாற்பது நாளும் ஒருசந்தி காத்தவர்களில் மூத்தவருக்கு முதற் கோப்பையைக் கொடுப்பது வழக்கம். பதினொரு வருடமாக அந்தக் கோப்பை என் கைக்கே வந்தது. நான் அதைத் தாழ்மையோடு வாங்குவதாக எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் கிழமை என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். மருமகன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறபடியால் அவள் என் வீட்டுக்கே வந்தாள். பத்தியம் பார்த்துச் சமைக்க ஒரு பெண் தேவைப்பட்டது. ஸ்டெல்லா ஆளை ஒழுங்கு செய்துவிட்டு என்னிடம் சொன்னாள். வந்தவள் மக்டலின்.

அன்றிலிருந்து என் வீட்டை ஒரு வாடை பிடித்துக்கொண்டது. உள்ளி, மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டுக் கொதிக்கவிடும் சரக்குக் கறி. புத்தக அலுமாரி வரைக்கும் உள்ளி மணத்தது. நான் கதிரையை முற்றத்துக்கு எடுத்துப்போய் இருந்தேன்.

அதே நாட்களில் சந்தையடியில் ஒருவன் வான் வண்டி ஒன்றில் வைத்துப் பச்சைத் தூள் விற்றான். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் நூறு மூலிகையாம். முட்டையும் மீனும் சேராதது என்று தூள் அடைத்த தகரத்தில் எழுதியிருந்தது. அதனால்தான் வாங்கினேன். என் கால் சுகமாக வேண்டும், என் ஒருசந்தியும் முறியக்கூடாது. அந்தத் தூள் இரண்டுக்கும் உடன்பட்டது. நாக்கில் வைத்தபோது கோழிக்கூட்டைக் கூட்டிய தூசி போலிருந்தது. பன்னிரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

மூன்றாம் கிழமை கிளினிக்குக்கு அந்தத் தகரத்தையும் கொண்டுபோனேன். டொக்டர் என் மகளின் வயதுள்ள பெண். தகரத்தைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார்.

"இதைவிட ஒரு முட்டை திறம், ஐயா. உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. குளிசையும் ஒழுங்காய்ப் போடுறியள். ஆனா இரத்தம் காணாது, தசையெல்லாம் வத்திப்போச்சுது. என்ன சாப்பிடுறனீங்கள்?"

"எல்லாம் சாப்பிடுறன்" என்றேன்.

"அப்பிடியெண்டால் உங்கட உடம்பு ஏன் கிருமியோட சண்டைக்கே போகேல்லை?"

என் நோன்பு ஆண்டவருக்கும் எனக்கும் இடையிலானது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஊர் முழுக்க அறிந்திருந்த நோன்பு அது. தபசுகாலத்தில் ஒரு மருத்துவரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

அவர் துணியைக் கட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னும் இரண்டு கிழமை பாப்பம். எலும்புக்குள்ள போயிட்டுதெண்டால் யாழ்ப்பாணம் அனுப்பவேணும். காலை வைக்கிறதோ எடுக்கிறதோ எண்டு அங்கதான் முடிவெடுப்பினம்."

வீட்டுக்கு வந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட முயன்றேன். முடியவில்லை. நின்றபடியே வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, என் காலைக் காப்பாற்றும். என் ஒருசந்திக்கு மட்டும் பங்கம் வரவிடாதேயும்." எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது குசினி வாசலில் மக்டலின் நின்றாள். கையில் ஒரு தட்டு.

"கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்" என்றாள். "இந்தாங்கோ. மகளுக்குக் குடுத்துப்போட்டு மிச்சம் வைச்சனான். விளைமீன். சாப்பிடுங்கோ."

"இது பிள்ளை பெத்த பொம்பிளையளின்ர சாப்பாடு."

"ஓம். அவவின்ர காயம் ஆறுறதுக்குத்தான் குடுக்கிறம். உங்கட காலில கிடக்கிறதென்ன, பூவே?"

"இது தபசுகாலம், மக்டலின்."

"அறுபது தாண்டினவைக்கு ஒருசந்தி கடமையில்லை எண்டு அறிவித்தல் பலகையில எழுதி ஒட்டினது ஆர்? நீங்கள்தானே. வடிவான எழுத்து."

"நான் ஆண்டவரிட்டக் கேட்டிருக்கிறன். அவர் பதில் தருவார்."

"தந்திட்டார். கையில வைச்சுக்கொண்டு நிக்கிறன், கை சுடுகுது. உங்கட கந்தோர் மாதிரி வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பி வேற கேக்கப்போறியளோ?"

என் வாழ்நாளில் என்னிடம் இப்படி எவரும் பேசியதில்லை. அவளை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அறைக்குள்ளிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. சத்தமாகச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

"அப்பா, ஆண்டவர் அம்மாவை எடுத்தது காணும். உங்களையும் தூக்கிக் குடுக்க என்னால ஏலாது."

நான் கதிரையில் இருந்து தட்டை வாங்கினேன்.

அந்த முதல் வாயை நான் மறக்கவில்லை. குழம்பு கறுத்துத் தடித்திருந்தது. முழு உள்ளிப் பற்கள் அவிந்து, தொட்டால் நசிந்தன. என் காலில் நான் தினமும் பார்க்கும் மஞ்சள் நினைவுக்கு வந்தது. இரண்டு தரம் ஓங்காளித்தேன். மூன்றாம் வாயை விழுங்கிவிட்டுக் கண்ணீரோடு சுரூபத்தைப் பார்த்தேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. என்னை இப்படி அவமானப்படுத்தினீரே என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை முட்டை அடித்த கோப்பி வந்தது. மதியம் பாற்சுறாவும் முருங்கையிலை வறையும். பின்னேரம் அவித்த பயறு. இடையிடையே வல்லாரைச் சம்பல், நெல்லிக்காய், தேசிக்காய்த் தண்ணீர். எல்லாம் சந்தையிலும் வேலியிலும் கரையிலும் கிடைப்பவை. குளிசையை நான் விடவில்லை. மருந்து கட்டுவதையும் விடவில்லை. பச்சைத் தூளை மட்டும் குப்பையில் கொட்டினேன். கோழிகள் கூட அதைக் கிளறவில்லை.

பத்தாம் நாள் துணியை அவிழ்த்தபோது குழியின் அடியில் சிவப்பு நிறம் தெரிந்தது. இரத்தம் என்று பயந்து கிளினிக்குக்கு ஓடினேன். டொக்டர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "இது நல்ல சிவப்பு, ஐயா. புதுத் தசை வருது. என்ன செய்தனீங்கள்?" அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். ஒருசந்தியையும், சொன்ன பொய்யையும், பிள்ளை பெற்றவளின் கறியையும் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். "ஐயா, நான் இரண்டு கிழமையாய் உங்களுக்குப் புற்றுநோயோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

ஆனால் என் பெருமை அவ்வளவில் சாகவில்லை. உண்ணத் தொடங்கியதும் குறை சொல்லத் தொடங்கினேன். கறியில் ஒரு நாள் உப்புக் கூடியிருந்தது, ஒரு நாள் உப்பே இல்லை. ஐந்தாம் கிழமை ஒரு நாள் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்: "இவ்வளவு காலம் சமைக்கிறவளுக்கு உப்பின்ர அளவு தெரியாதோ?"

ஸ்டெல்லா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவ ருசி பாக்கிறேல்லை, அப்பா. விபூதிப் புதனிலயிருந்து ஒருசந்தி. உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. அந்தப் பெண் மூன்று வேளையும் எனக்கும் என் மகளுக்கும் மீன் ஆய்ந்து, முட்டை பொரித்து, ஆவி முகத்தில் அடிக்க நின்று கிளறியிருக்கிறாள். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. அவளைத்தான் நான் கோவில் வாசலில் மறித்தேன். என் புண்ணைப் பார்த்து வந்த அருவருப்பு அன்று எனக்கு என்னைப் பார்த்து வந்தது. அது இன்னமும் முழுதாகப் போகவில்லை. போக வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி வார்த்தார்கள். முதற் கோப்பை வழக்கம் போல என்னிடம் வந்தது. நான் தடியை ஊன்றி எழுந்தேன்.

"நான் இந்த முறை ஒருசந்தி காக்கேல்லை" என்றேன். "மீனும் முட்டையும் சாப்பிட்டனான். இது மக்டலினுக்குரியது. நான் அவவைக் கோவில் வாசலில மறிச்சது பிழை. நாறினது நான்."

கோப்பையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, குடுக்கிறதெண்டால் நிரப்பிக் குடுங்கோ. நாற்பது நாள் பசி."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஏழு கிழமை கழித்து வந்த பரிசுத்த ஆவி திருநாளுக்குள் என் புண் மூடியது. ஆடித் திருநாளுக்கு மடு மாதா கோவிலுக்குப் போய், இரண்டு காலிலும் நின்று பூசை கண்டேன். அந்த இடத்தில் இன்று மெல்லிய தோல் இருக்கிறது, அவ்வளவுதான். காலை வெட்டவில்லை.

என்னைப் போலத் தனியாக இருந்து பாணும் பிளேன்ரீயுமாகக் காலம் கழிக்கும் முதியவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்த்து நிற்கும் சக்தி தகரத்தில் வருவதில்லை. முருங்கையிலும் உள்ளியிலும் முட்டையிலும் நம் கரை மீனிலும் ஆண்டவர் அதை வைத்திருக்கிறார். மருத்துவரிடம் போங்கள், போனால் உண்மையைச் சொல்லுங்கள். ஒருசந்தி நல்லது. உடம்பு கொடுக்கக்கூடியவர்கள் அதைக் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவர்கள் அதை விடுவதற்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் கேட்டு மன்றாடுங்கள், தருவார். ஆனால் அவருக்கு நிபந்தனை எழுதிக் கொடுக்காதீர்கள். நான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசிக்கவே இல்லை. அதற்காக அவருக்கு என் நன்றி.

சரக்குக் கறியை இப்போது வெள்ளி தவிர்ந்த நாட்களில் உண்கிறேன். உள்ளி மணத்தை இன்றும் என்னால் சகிக்க முடியாது. சகித்துக்கொண்டு உண்கிறேன்.