மணல்திட்டில் சனிக்கிழமை ஆட்டம்

வில்லாபுரம் ஆல்பினுக்கு ஆட வராது. அவருடைய கல்யாணத்திலேயே மச்சினன்கள் இழுத்துக்கொண்டு போய் நடுவில் விட்டபோது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல இரண்டு பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு வந்தவர். பங்குத் திருவிழாவில் டி.ஜே. வைக்கக் கூடாது என்று மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட தீர்மானம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதே கைதான் இப்போது வாரத்துக்கு நாற்பது டி.ஜே. இரவுகளையும் ஆட்டக் கூடுகைகளையும் தேடிப் பிடித்துப் பட்டியல் போடுகிறது. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், அவர் கால் வைத்திராத ஒரு தீவில் நடப்பவை. தீவின் பெயர் இங்கே வேண்டாம்.

அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தார். பிள்ளைகள் குறைந்தார்கள், பிறகு வகுப்புகள் குறைந்தன, கடைசியில் ஆல்பின் குறைந்தார். அந்தப் பள்ளியில் படித்த ஜெயபாண்டி என்பவன், செல்லூரில் அப்பாவின் விசைத்தறியை விற்றுவிட்டு, தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தான். தீவுக்குப் போகும் தமிழ் ஆட்களுக்கு எந்த நாள், எந்த இடத்தில் பாட்டும் ஆட்டமும் என்று சொல்வது அவன் தொழில்.

"நீங்க ஆட வேண்டாம்ணே. ஆடுற எடத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்" என்றான்.

"தம்பி, நான் கடலையே ராமேஸ்வரத்துல ஒரு தடவதான் பாத்துருக்கேன்."

"அதனாலதான் ஒங்களக் கூப்புடுறேன். போய்ப் பாத்துட்டு வான்னு ரெண்டு பேர அனுப்புனேன். ரெண்டு பேரும் திரும்பி வரல. அங்கயே வேல பாக்குறானுக."

வேலை ஆல்பினுக்குப் பிடித்துப்போனது. காலையில் குளித்து, சட்டை மாட்டி, வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து தீவிலுள்ள விடுதிகளுக்கும் கடற்கரைக் கடைகளுக்கும் போன் போடுவார். இந்த வாரம் உண்டா, எத்தனை மணிக்கு, குடும்பத்தோடு வரலாமா என்று கேட்பார். பெற்றோர் பெயரும் பிறந்த தேதியும் கேட்காததுதான் குறை. தன்னை யாரோ பெரிய அதிகாரி கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஒரு டி.ஜே. பயல் அவரிடம் லைசென்ஸ் நம்பரையே ஒப்பித்தானாம்.

பள்ளியிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. உதவிபெறும் பள்ளியில் பதிவேட்டிலுள்ள தலைகளைப் பொறுத்துத்தான் ஆசிரியர் பணியிடம். நின்றுபோன பையனின் பெயரை நீக்கினால், ஒரு வாத்தியார் உபரியாகி வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே நல்ல எழுத்தர் பெயரை நீக்க மாட்டார். பையன் திருப்பூர் போயிருப்பான், வருவான். போன மாதம் எழுதியதை இந்த மாதமும் எழுதிவைப்பார். இரக்கமும் பொய்யும் இம்புட்டு ஒற்றுமையாக வேலை செய்த இடம் வேறு இருக்காது. தீவின் பட்டியலிலும் ஆல்பின் அதையேதான் செய்தார். ஜெயபாண்டியும் நாற்பதுக்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தான். "முப்பத்தெட்டுன்னு காட்டுச்சுன்னா, பக்கம் செத்துருச்சுன்னு நெனச்சுருவாய்ங்கண்ணே."

அந்த நாற்பதில் ஆல்பினுக்கு மிகவும் பிடித்தது முத்துக்கருப்பனின் ஆட்டம்.

முத்துக்கருப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போய்த் தீவின் வடக்குக் கரையில் டீக்கடை போட்டவர். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, கடல் உள்வாங்கும்போது கரைக்கு எதிரே ஒரு மணல்திட்டு மேலே வரும். கால் மணி நேரம் நடந்தால் திட்டுக்குப் போய்விடலாம். அங்கே பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போடுவார். கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். தண்ணீர் திரும்புகிற நேரத்துக்குப் பாட்டை நிறுத்தி, கையில் கம்புடன் எல்லாரையும் கரைக்கு ஓட்டிவருவார்.

"இந்த வாட்டி ஆறு மணி வரைக்கும் போட்டுக்கங்க" என்பார் போனில். "அடுத்த வாட்டி அஞ்சேகாலுதான். தண்ணி ஒவ்வொரு வாட்டியும் அர மணி, முக்கா மணி முன்னாடி திரும்பிரும். என்னையக் கேக்காமப் போட்றாதீங்க."

ஆல்பின் ஆறு மணி என்று போட்டார். அடுத்த முறை கேட்கப் போன் செய்தபோது, அந்த எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். வருவார் என்று நினைத்துக்கொண்டு, பட்டியலில் ஆறு மணி என்பதையே மறுபடி எழுதினார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, போய்வந்த ஒருவர் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'ஸ்பீக்கர் வரவில்லை, நாங்களே போனில் பாட்டுப் போட்டோம். திரும்பும்போது முழங்கால் வரை தண்ணீர். நான்கு நட்சத்திரம்.' பதினைந்து நாள் கழித்து இன்னொருவர்: 'இடுப்பு வரை தண்ணீர். செம திரில். ஐந்து நட்சத்திரம்.' ஜெயபாண்டி இதைப் பட்டியலின் உச்சியில் ஏற்றி வைத்தான். ஆல்பின் நட்சத்திரங்களை மட்டும் எண்ணினார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. அன்று மதியம் பங்குக் கூட்டம். இளைஞர்கள் டி.ஜே. தீர்மானத்தை ரத்து செய்யக் கேட்டிருந்தார்கள். ஆல்பின் ஒன்றே முக்கால் மணி நேரம் எதிர்த்துப் பேசி, தோற்காமல் வீடு திரும்பியபோது மணி நாலரை. மனைவி ஷெரின் காபியை நீட்டினாள்.

"பெர்சி போன் பண்ணுனா. ஒங்க லிஸ்ட்டத்தான் வச்சுக்கிட்டு அலையுறாகளாம் ரெண்டு பேரும்."

பெர்சி ஷெரினின் அக்கா மகள். கல்யாணமாகி மூன்று வாரம். புருஷன் ஸ்டீபனோடு தேனிலவுக்கு அந்தத் தீவுக்குத்தான் போயிருந்தாள். அதற்கும் ஆல்பின்தான் ஏற்பாடு.

"எங்க போறாளாம்?"

"ஏதோ மணல்திட்டாம்ல. தண்ணிக்குள்ள நடந்து போகணுமாம். சித்தப்பா போட்டா பள்ளிக்கூட மணி மாதிரி, ஒரு நிமிசம் மாறாதுன்னு ஸ்டீபன்ட்ட பெரும வேற அடிச்சுருக்கா."

ஆல்பின் காபியைக் கீழே வைத்தார். பட்டியலைத் திறந்தார். முழங்கால், இடுப்பு. ஏற்கெனவே படித்த இரண்டு வரிகள்தான். இப்போது அந்தத் தண்ணீரில் பெர்சியை நிறுத்திப் பார்த்தார். அவள் உயரம் அவருக்குத் தெரியும்.

பெர்சிக்குப் போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஸ்டீபனுக்கும் அப்படியே. விரல் தானாக முத்துக்கருப்பன் எண்ணை அழுத்தியது. ஆறு வாரமாகச் செத்துக்கிடந்த அந்த எண் இப்போது மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா போனுங்க இது. நான் அவுக மக தங்கப்பொண்ணு. நீங்க யாரு?"

"மதுரையில இருந்து ஆல்பின். அப்பா இல்லையாம்மா?"

"அப்பாவுக்குக் கை கால் விழுந்துருச்சுங்க. ஒன்ற மாசமா ஆசுபத்திரிலதான் கெடக்கோம். பேச்சு வரல. போன நேத்துத்தான் சார்ஜ் போட்டேன்."

ஆல்பின் வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடம் அது. தெரிவிக்கவில்லை.

"இன்னைக்கு மணல்திட்டுல ஆட்டம் இருக்காம்மா?"

"அப்பா இல்லாம ஆட்டம் ஏது? யாரும் போகமாட்டாகளே."

"தண்ணி எப்பத் திரும்பும்?"

அவள் யாரிடமோ கேட்டாள். "மூணே முக்காலுக்கே திரும்பிருச்சாம். இப்ப ஏறிக்கிட்டு இருக்கும். ஏண்ணே, யாரும் போயிருக்காகளா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே அவசரமாகக் கடலோரக் காவல் சாவடியின் எண்ணைச் சொன்னாள். அதை எழுதிக்கொள்ளும்போது ஷெரினின் போன் அடித்தது. பெர்சி.

"சித்தி, நாங்க ரூமுக்கு வந்துட்டோம். இவருக்குப் புது ஷூ நனையக் கூடாதாம். திட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே திரும்பிட்டாரு. கல்யாணத்துக்கு எடுத்த ஷூவக் கடலுக்குப் போட்டுட்டு வாற ஒரே ஆளு இவருதான்."

ஷெரின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஆல்பின் போனை வாங்கினார்.

"பெர்சி, அங்க வேற ஆளு இருந்தாகளா?"

"இருந்தாங்க சித்தப்பா. பதினஞ்சு இருபது பேரு. சின்னப் புள்ளைகளோட ஒரு குடும்பம் கூட. போன்ல பாட்டுப் போட்டு ஆடிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி வருதுங்கன்னு இவரு கத்துனாரு. ஆறு மணி வரைக்கும் இருக்குன்னு ஒங்க லிஸ்ட்டத் தூக்கிக் காட்டுனாங்க." பிறகு அவளே, "ஏன் சித்தப்பா, ஆறு மணிதான?" என்றாள்.

மணி ஐந்து ஆகப் பத்து நிமிடம். அந்தத் தீவில் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஆல்பின் ஜெயபாண்டிக்கு இரண்டே வரியில் சொன்னார். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நான் அந்தப் பேர லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன். இப்ப நம்ம பக்கத்துல அப்படி ஒண்ணு இல்ல. நீங்க யாருக்கும் போன் பண்ணாதீங்க. பண்ணுனா நம்ம பேரச் சொல்ல வேண்டி வரும். பக்கத்துல மீன்காரய்ங்க இருப்பாய்ங்க, பாத்துக்குவாய்ங்க."

"இருப்பாய்ங்களா?"

"இருப்பாய்ங்கண்ணே."

பதினேழு வருடம் ஆல்பினும் இதே குரலில் சொன்ன சொல் அது. அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காவல் சாவடிக்குப் போட்டார். தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் எடுத்தார். வடக்கு மணல்திட்டில் இருபது பேர், பிள்ளைகளும் உண்டு, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஆல்பின் தெளிவாகச் சொன்னார்.

"நீங்க எங்க இருக்கீங்க சார்? கரையிலயா?"

"மதுரையில."

"மதுரையிலயா." அந்தக் குரலில் சந்தேகமும் கொஞ்சம் சிரிப்பும் இருந்தன. "அங்க இருந்துகிட்டு இங்க திட்டுல எத்தன பேரு நிக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்? வெளையாடாதீங்க சார். இந்த மாதிரி தெனம் ரெண்டு போன் வருது."

ஷெரின் வேண்டாம் என்பது போல அவர் கையைப் பிடித்தாள். எதை வேண்டாம் என்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நான்தான் அவங்கள அங்க வரச் சொன்னேன்" என்றார் ஆல்பின். "தப்பான நேரத்தச் சொன்னேன். என் பேரு ஆல்பின், வில்லாபுரம். அட்ரஸ் எழுதிக்கங்க. மொதல்ல படக அனுப்புங்க."

நாற்காலி நகர்ந்தது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கதவு திறந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. ஆல்பின் காதிலிருந்து எடுக்கவில்லை. காற்றும் அலையும் ஒன்றாகக் கேட்டன. பிறகு யாரோ படகு எஞ்சினின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள்.