சிவநேசனுக்கு இன்னொரு கல்

கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முடிந்து, தாமரை நேராகக் கிள்ளானிலுள்ள கல் பட்டறைக்கு வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. லட்சுமணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்து, இங்கே கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுகிறவன் அவன்.

அவள் போனில் படத்தைக் காட்டினாள். கணவன் சிவநேசனின் கல்லறை. பழுப்புக் கல்லில் 'சிவ' மட்டும் மிச்சம். மற்ற எழுத்தெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது.

"வச்சு நாலு வருசம்தான் ஆச்சு தம்பி. என்ன கல்லுலா இது?"

"மணற்கல்லுக்கா. படிவுப் பாறை. ஆத்து மணலு அடுக்கடுக்கா படிஞ்சு, அழுந்தி இறுகுனது. இந்த மழைக்குத் தாங்கல."

மூலையில் கிடந்த மணற்கல் துண்டில் அவன் தண்ணீரைத் தெளித்தான். கல் சட்டென்று குடித்துவிட்டது. பக்கத்துக் கருங்கல் பலகையில் அதே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றது.

"இது நெருப்புக் குழம்பா இருந்து, பூமிக்குள்ள மெல்ல ஆறுனது. மணி மணியா ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு இருக்கும். தண்ணி போக வழியில்ல. ஆனா வெட்டுறது கஷ்டம், பிளேடு தேஞ்சிடும்."

தாமரை இரண்டையும் தடவிப் பார்த்தாள். மணற்கல் விரலில் பொடியாக ஒட்டியது. அந்த நிறம் அழகு என்று முன்னால் நின்று தேர்ந்தெடுத்தவர் ரெங்கசாமி, சிவநேசனின் மூத்த அண்ணன். நாலு வரிப் புகழுரையும் அவரே எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்குத் தலையாட்டத்தான் தெம்பிருந்தது. லோரி ஓட்டிய சிவநேசன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, பிறகு ஷிப்டுக்கு ஓடியே அவளுடைய வருடங்கள் போயிருந்தன.

"கருங்கல்லே போடுங்க தம்பி. பேரும் தேதியும் போதும்."

லட்சுமணன் சாக்பீஸால் பலகையில் கோடு இழுத்தான். இடப்பக்கம் ஒதுங்கி எழுதத் தொடங்கியவன் நிமிர்ந்தான்.

"எல்லாரும் பக்கத்துல இடம் விடச் சொல்வாங்க. உங்க பேருக்கு விடவாக்கா?"

உள்ளே கல் அறுக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"வேணாம். அவரு பேர நடுவுல போடுங்க."

கல் நட்ட ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி குடையோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒனக்கு இடமே விடல?"

"என்னை எரிச்சு, சாம்பலக் கடல்ல விடச் சொல்லி வாணிகிட்ட சொல்லிட்டேன் மாமா."

"மக ஒத்துக்கிட்டாளா?"

"அழுதா. அப்புறம் சரின்னா."

"அவன் தனியா கெடப்பானேம்மா."

"இத்தனை வருசம் கூடவே இருந்தேன்ல மாமா. எனக்கு அசதியா இருக்கு."

ரெங்கசாமி குடையை அவள் பக்கம் சாய்த்தார். தாமரை கல்லுக்கு மாலை போட்டு, சூடம் ஏற்றினாள். தூறலில் அது இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அவர் கைகுவித்துக் காற்றை மறைக்க, பிடித்துக்கொண்டது. வீடு திரும்பும் காரில், கிள்ளான் பாலம் வருவதற்குள் அவள் தூங்கிப் போயிருந்தாள். அவர் ரேடியோவை நிறுத்தினார்.